கல்லுமுளையான் அருகிவரும் செடியா? கரட்டில் மிச்சமிருப்பதைக் காப்பது எப்படி?

கரட்டடி (கேள்வி):

ஒட்டன்சத்திரம் – பழனி பக்கம் ஒரு பாறைக் கரடு. அதன் கிழக்குச் சரிவில், பாறை இடுக்குகளிலும் கிளுவைப் புதருக்கு அடியிலும் கல்லுமுளையான் இருக்கிறது. தண்டில் நாலு பட்டை, இலை கிடையாது, சுண்டுவிரல் தடிமன். நுனிக்குப் போகப் போகச் சிறுத்து ஊசி போல நீள்கிறது. அந்த நுனிப் பகுதியில் கறுஞ்சிவப்புப் பூக்கள் ஒவ்வொன்றாகத் தொங்குகின்றன. இதழ் ஓரத்தில் மயிர் உண்டு.

மேற்குச் சரிவில் ஒரு தூறு கூட மிச்சமில்லை, அங்கே சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. கிழக்கே ஆடு மேய்கிறது. மழைக்காலத்தில் வெளியாட்கள் வந்து சாக்குச் சாக்காகப் பிடுங்கிப் போகிறார்கள். வடக்கு முனையில் கல்குவாரிக்கு அளவுக்கல் ஊன்றியிருக்கிறார்கள்.

கேட்க வேண்டியது மூன்று. இது அதிகாரபூர்வமாக அருகிவரும் செடிதானா? சட்டப் பாதுகாப்பு ஏதாவது உண்டா? குவாரி வரும் பக்கத்தில் இருக்கும் தூறுகளைப் பெயர்த்து வேறிடத்தில் நடலாமா?

---

ஐந்திதழ்:

முதலில் எந்த முளையான் என்று உறுதி செய்துவிடுங்கள். ஊரில் ஒரே பேரில் மூன்று நான்கு செடிகளை அழைப்பார்கள், அவற்றின் நிலையோ ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

நீங்கள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் பார்த்தால் இது காரலூமா அட்செண்டென்ஸ், அதிலும் ஃபிம்பிரியேட்டா என்ற வகை. நுனி சிறுத்துப் போவதும், பூக்கள் கொத்தாக இல்லாமல் தண்டின் நீளத்துக்குத் தனித்தனியாக வருவதும், இதழோர மயிர் காற்றில் துடிப்பதும் இதன் குறிகள். தண்டு அதைவிடப் பருத்து, உச்சியில் பந்து போல ஒரே கொத்தாகப் பூத்து, அழுகல் வாடை வீசினால் அது பௌசெரோசியா அம்பெல்லேட்டா. கோவை வட்டாரத்து வறண்ட குன்றுகளை விட்டு அதிகம் நகராத பௌசெரோசியா டிஃப்யூசாவுக்கும் பூ உச்சியில் கொத்தாகத்தான் வரும். பூ இல்லாத மாதத்தில் இவற்றைப் பிரிப்பது கஷ்டம். ஆவணிக்கும் கார்த்திகைக்கும் இடையில் போய்ப் பாருங்கள்.

புதியவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தண்டை நகத்தால் கீறினால் முளையானில் தெளிந்த நீர்தான் கசியும். பால் வந்தால் அது கள்ளிக் குடும்பம், கையைக் கண்ணருகே கொண்டுபோகக் கூடாது.

இனி உங்கள் கேள்வி. இந்தச் செடியை 1795இல் ராக்ஸ்பரோ ஸ்டபீலியா என்ற பேரினத்தில் வைத்து விவரித்தார். அவர் குறித்துவைத்த தெலுங்குப் பேரிலிருந்துதான் காரலூமா என்ற பெயர் பிறகு வந்தது. தீபகற்பத்தின் வறண்ட நிலமெங்கும், இலங்கையிலும் பரவிய செடி. இங்கேதான் சிக்கல். ஐயுசிஎன் (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) செம்பட்டியல் விதிகளில் பரவலை வைத்துச் செய்யும் மதிப்பீட்டில், ‘அழிவாய்ப்பு உள்ளது’ என்ற கீழ்ப்படிக்கே பரவல் எல்லை 20,000 சதுர கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேற்படிக்கு 5,000. அதற்கும் மேலே 100. முளையானின் பரவல் இவற்றைப் பல மடங்கு தாண்டும். பத்துக் கரடுகளில் அடியோடு போனாலும் அந்தக் கோட்டில் அசைவு தெரியாது.

குறைவின் வேகத்தை வைத்தும் மதிப்பிடலாம். பத்து ஆண்டு அல்லது மூன்று தலைமுறை, இரண்டில் எது நீளமோ அந்தக் காலத்துக்குள் 30 விழுக்காடு குறைந்தால் கீழ்ப்படி, 50 ஆனால் அடுத்தது, 80 ஆனால் உச்சம். அப்படி மதிப்பிட, முன்பு எத்தனை இருந்தன என்ற எண் கையில் வேண்டும். நம் கரடுகளில் யாரும் எண்ணவில்லை. ஆகவே ‘அருகிவரும் இனம்’ என்ற முத்திரையைத் தேடி அலையாதீர்கள். உங்கள் கரட்டின் நிலை வேறு, இனத்தின் நிலை வேறு. நீங்கள் ஆவணப்படுத்த வேண்டியது முதலாவதை.

மகாராஷ்டிரத்துப் பாறைச் சரிவுகளில் உள்ள ஃப்ரேரியா இண்டிகா (இன்றைய பெயர் பௌசெரோசியா ஃப்ரேரி) இதற்கு நேர்மாறு. 1865இல் டால்செல் விவரித்தது. சிவநேரி, புரந்தர் கோட்டைகளின் பக்கம் இருப்பது போன்ற ஒருசில செங்குத்துப் பாறைகளே அதன் உலகம். மழையில் இலை விடும் முளையான் அது. இடம் குறுகியது என்பதாலேயே எல்லோர் கண்ணும் அதன்மேல் பட்டது, வளர்த்துத் திரும்ப நடும் வேலையும் நடந்தது. பரவலாக இருக்கும் நம் செடிக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

சட்டம்: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு 6ஆம் அட்டவணையில் ஆறே செடிகள் இருந்தன. 2022 திருத்தத்துக்குப் பின் செடிகள் 3ஆம் அட்டவணைக்கு வந்தன, நீலக்குறிஞ்சியும் சேர்ந்தது. முளையான் அதில் இல்லை. பன்னாட்டு வணிகத்துக்கான சைட்டீஸ் பட்டியலிலும் இல்லை. உறவான ஆப்பிரிக்க ஹூடியா அதில் இருக்கிறது. உடல் இளைக்க என்று இரண்டு செடிகளையும் ஒரே காரணத்துக்குத்தான் விற்கிறார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

---

பாறைவெளி:

எண்ணிக்கை இல்லை என்பதுதான் எல்லாவற்றுக்கும் முட்டுக்கட்டை. இரண்டு பேர், ஒரு 50 மீட்டர் நாடா, ஒரு நோட்டு இருந்தால் இரண்டு நாளில் முடியும் வேலை இது.

கிழக்குச் சரிவில் அடிவாரத்திலிருந்து உச்சி நோக்கி நாடாவை இழுங்கள். இருபுறமும் 2 மீட்டர் எடுத்தால் 50 × 4, அதாவது 200 சதுர மீட்டர் பட்டை. இப்படிக் குறைந்தது பத்துப் பட்டைகள். செடி இருக்கும் இடமாகப் பார்த்து நாடா போடக் கூடாது, எல்லோரும் செய்யும் தவறு இது. முன்கூட்டியே வரைபடத்தில் சம தூரத்தில் கோடு போட்டுக்கொண்டு, அது எங்கே விழுகிறதோ அங்கேதான் போக வேண்டும். வெறும் பாறையாக இருந்தால் சுழி என்று எழுதுங்கள். அந்தச் சுழியும் தரவுதான்.

தண்டை எண்ணாதீர்கள், தூறை எண்ணுங்கள். ஒரே அடியிலிருந்து இருபது தண்டு வரும், மழைக்குப் பின் அது நாற்பதாகும், கோடையில் பாதி சுருங்கிப்போகும். தண்டுக் கணக்கு வைத்தால் செடி பெருகியது போலவும் அழிந்தது போலவும் மாறி மாறித் தெரியும். ஒரு முழம் இடைவெளி இருந்தால் வேறு தூறு என்று ஏதாவது ஒரு விதியை எழுதிவைத்துக்கொண்டு ஒவ்வோர் ஆண்டும் அதையே பின்பற்றுங்கள்.

ஒவ்வொரு தூறையும் மூன்றில் ஒன்றாகக் குறியுங்கள்: நாற்று (ஒற்றைத் தண்டு, விரல் நீளத்துக்குள்), பூக்காத வளர்ந்த தூறு, பூ அல்லது காய் உள்ள தூறு. கூடவே, செடி எதன் நிழலில் நிற்கிறது, கடிபட்ட தடம் உண்டா, பிடுங்கிய குழி உண்டா என்று மூன்று கட்டம். நாற்றுக் கட்டம் தொடர்ந்து காலியாக இருந்தால், பெரிய தூறுகள் எத்தனை செழிப்பாகத் தெரிந்தாலும் அந்தக் கரட்டில் கிழச் செடிகள் மட்டுமே இருக்கின்றன என்று பொருள். இந்தச் செடி பல ஆண்டு நிற்கும். அதனால் வெளிப்பார்வைக்குக் குறைவு தெரிய வெகுகாலம் ஆகும்.

ஆண்டுதோறும் ஒரே மாதம், ஐப்பசி கடைசி வாரம் என்றால் அதே வாரம். ஒரே இடத்தில் நின்று ஒரே திசையில் படம். நிற்கும் இடத்தைப் பாறையில் சிறு பெயின்ட் புள்ளியால் குறியுங்கள்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் மாதிரி உயிரினப் பதிவுத் தளங்களில் ஏற்றினால் இருப்பிடத்தை ‘மறைத்தது’ என்று மாற்றிவிடுங்கள். அப்போது சரியான புள்ளிக்குப் பதில் 0.2 பாகைக்கு 0.2 பாகை கட்டத்துக்குள் ஏதோ ஓரிடம்தான் வெளியே தெரியும். சாக்கோடு வருபவருக்கு நாமே வழிகாட்டக் கூடாது.

இனத்தில் ஐயம் இருந்தால் கோவையில் தாவரவியல் அளவாய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது, சென்னை உலர்தாவரகம் என்று பேர் பெற்ற காய்ந்த செடி மாதிரிகளின் தொகுப்பு அங்கேதான் உள்ளது. மாதிரி எடுக்க வேண்டி வந்தால் ஒரே ஒரு தண்டு போதும், வேர் தேவையில்லை. காகிதத்துக்கு நடுவே அப்படியே வைத்தால் முளையான் சாகாது, வாரக்கணக்கில் உயிரோடிருந்து அங்கேயே நீளும், கடைசியில் பூசணம் பிடிக்கும். நீளவாக்கில் பிளந்து, கொதிநீரில் ஒரு நிமிடம் முக்கி எடுத்து, தாளை நாள்தோறும் மாற்ற வேண்டும். பூவைத் தனியே 70 விழுக்காடு சாராயத்தில் போட்டுவையுங்கள். அழுத்திக் காயவைத்த பூவில் நடுவே உள்ள மகுட அமைப்பு நசுங்கிவிடும், இனம் பிரிப்பதே அதை வைத்துத்தான்.

---

கரட்டடி:

இருவருக்கும் நன்றி. படம் பார்த்து ஒப்பிட்டாயிற்று, தனித்தனிப் பூதான். நாடாக் கணக்கை இந்த ஐப்பசியில் தொடங்குகிறோம்.

மூன்றாவது கேள்வி பாக்கி. அளவுக்கல் உள்ள வடக்கு முனையில் முப்பது நாற்பது தூறுகள். பெயர்த்து நட்டால் பிழைக்குமா? பக்கத்து ஊரில் இப்படி நட்டவை அடைமழையில் அடியோடு கூழாகிவிட்டன.

---

விதைநூல்:

கூழானதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: வெட்டிய ஈரம் காயும் முன்பே மண்ணுக்குள் போயிருக்கும். பெயர்க்கும்போது வேர் அறுந்த இடமெல்லாம் திறந்த புண். ஈர மண்ணில் வைத்தால் பூசணம் அந்த வழியே ஏறும். வெளியே தண்டு பச்சையாக நிற்கும்போதே உள்ளே அடி பழுப்பாகிவிடும்.

தண்டு வழி வளர்ப்புக்குக் கணக்கு இது. 8–10 செ.மீ. துண்டு, முதிர்ந்த தண்டிலிருந்து, கிளை பிரியும் கணுவில் சுத்தமான கத்தியால் வெட்டுங்கள். பூக்கும் ஊசிநுனி வேண்டாம், அது வேர் விடாமல் வற்றிவிடும். நிழலில், காற்றோட்டத்தில் 5 முதல் 7 நாள் காயவிட வேண்டும், வெட்டுவாய் தோல் போல இறுகும் வரை. மண்கலவை: பெருமணல் 2 பங்கு, பொடிக்கல் 1 பங்கு, கரட்டுச் செம்மண் 1 பங்கு. எரு வேண்டாம். குவாரித் தூளைப் பொடிக்கல் என்று நினைத்துப் போட்டுவிடாதீர்கள், அதிலுள்ள மாவுத்தூள் சிமென்ட் போல இறுகி நீரைத் தேக்கும். சலித்து, அரிசி அளவுக்கு மேல் உள்ள கல்லை மட்டும் எடுங்கள்.

துண்டை 2 செ.மீ. ஆழத்துக்கு மேல் நடக் கூடாது. சாய்ந்தால் கல்லை அண்டக் கொடுங்கள், மண்ணைக் குவிக்காதீர்கள். நட்டு ஒரு வாரம் தண்ணீரே வேண்டாம். பிறகு பத்து நாளுக்கு ஒருமுறை, மண் முழுக்கக் காய்ந்த பின். வெயில் நேரே படாத இடம் முதல் மாதத்துக்கு. தண்டு சுருங்கினால் பயப்பட வேண்டாம், அது தாங்கும். அடி மிருதுவானால் அன்றைக்கே பிடுங்கி, வெள்ளைச் சதை தெரியும் வரை வெட்டி, மறுபடி காயவையுங்கள். வேரில் வெள்ளைப் பஞ்சு போலத் தெரிந்தால் மாவுப்பூச்சி. பூத்தண்டில் மஞ்சளாக மொய்த்தால் எருக்கில் வரும் அதே அசுவினி, பக்கத்தில் எருக்கு இருந்தால் நாற்றங்காலை அங்கே வைக்காதீர்கள்.

ஆனால் நாற்பது தூறைப் பெயர்த்து நட்டு அத்தனையும் பிழைத்தாலும் அதைப் பாதுகாப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தாய்ச்செடியிலிருந்து வெட்டிய நூறு துண்டும் ஒரே செடிதான். இந்தக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் தன் மகரந்தம் தனக்கே பிடிக்காது. ஒரே தாயின் துண்டுகளால் ஒரு சரிவை நிரப்பினால் பூ குலுங்கும், காய் இருக்காது. கடத்த வேண்டிய கட்டாயம் வந்தால் ஒவ்வொரு தூறிலிருந்தும் இரண்டிரண்டு துண்டு எடுத்து, எண் போட்டு, நடும்போது கலந்து நடுங்கள்.

அதைவிட நல்ல வழி விதை. இதன் மகரந்தம் தூளாக உதிராது. பத்து மடங்கு கைக்கண்ணாடியில் பார்த்தால் ஒரு கடுகு அளவுகூட இல்லாத கரும்பழுப்புக் கவ்வி, அதன் இருபுறமும் இரண்டு மஞ்சள் பை. ஈ வந்து பூ நடுவே வாயை நுழைக்கும்போது அந்தக் கவ்வி மயிரிலோ வாயிலோ மாட்டிக்கொள்ளும். அடுத்த பூவின் ஒடுங்கிய பிளவுக்குள் அந்தப் பை சரியாகச் செருகினால்தான் காய். இத்தனை நுணுக்கம் உள்ளதால் பூவுக்கும் காய்க்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. நூறு பூ பார்த்த தூறில் நாலைந்து ஜோடிக் காய் கண்டால் அது நல்ல ஆண்டு.

காய் இரட்டையாக, மெலிந்த கொம்பு போல நிமிர்ந்து நிற்கும். வெடித்தால் பட்டுப் பஞ்சோடு விதை பறந்துவிடும். பச்சை வெளுத்துக் கோடு தெரியத் தொடங்கியதும் மெல்லிய துணிப்பையைக் காயோடு சேர்த்துக் கட்டிவிடுங்கள், அல்லது இரண்டு இடத்தில் நூல் சுற்றினாலும் போதும். ஒரு தூறின் காய்களில் பாதிக்கு மேல் எடுக்காதீர்கள். குறைந்தது இருபது தூறுகளிலிருந்து எடுங்கள். பஞ்சை நீக்கி, மேற்சொன்ன கலவையின்மேல் பரப்பி, விதை மறையும் அளவுக்கு மட்டும் மணல் தூவுங்கள். புது விதை ஒரு வாரத்துக்குள் முளைக்கும். பழைய விதையை நம்பாதீர்கள், முளைப்புத் திறன் வேகமாக இறங்கும். முதல் ஆண்டு முழுக்கத் தொட்டியிலேயே இருக்கட்டும். இரண்டாம் ஆண்டு ஆடி, ஆவணியில் முதல் மழை விழுந்து ஓய்ந்த இடைவெளியில் கரட்டுக்குக் கொண்டுபோகலாம்.

வேறு மாவட்டத்துச் செடியை இங்கே கலக்க வேண்டாம். நர்சரியில் கிடைப்பது எங்கிருந்து வந்தது என்று சொல்ல ஆளிருக்காது.

---

மேய்ச்சல்தரிசு:

நடுவதைப் பற்றி மேலே விரிவாக வந்துவிட்டது. நட்டது நிற்குமா என்பது பக்கத்தில் உள்ள புதரைப் பொறுத்தது. பாறைவெளி ‘எதன் நிழலில்’ என்று ஒரு கட்டம் போடச் சொன்னாரே, அந்தக் கட்டம்தான் எனக்கு முக்கியம். கிளுவை, விடத்தேரை, சதுரக்கள்ளி, சூரை: இவற்றின் முள்ளுக்குள் முளைத்த நாற்றுதான் ஆட்டு வாய்க்குத் தப்பும், சித்திரை வெயிலுக்கும் தப்பும். பாறைமேல் திறந்தவெளியில் விழுந்த விதை முளைக்கும், ஆனால் முதல் கோடையைத் தாண்டாது.

ஆகவே ‘கரட்டைச் சுத்தம் செய்கிறோம்’ என்று எல்லாப் புதரையும் பொக்லைன் வைத்து வழித்தால் முளையானும் போய்விடும். சீமைக்கருவேலத்தை மட்டும் தனியாக எடுங்கள், அதுவும் கையால். வெறுமனே வெட்டினால் அடுத்த மழைக்குள் ஒன்றுக்கு ஐந்தாகத் துளிர்க்கும், துளிர்க்கும் மொட்டு தரைமட்டத்துக்கு ஒட்டிய அடிக்கட்டையில் இருப்பதால். கடப்பாரை வைத்து அரை முழ ஆழம் வரை அடிக்கட்டையைப் பெயர்க்க வேண்டும். மழை விட்டு மண் இளகியிருக்கும்போது செய்தால் எளிது. ஒரே ஆண்டில் மொத்தத்தையும் எடுத்தால் நிழலில் பழகிய தூறுகள் வெயிலில் சிவந்து வெந்துவிடும். மூன்று ஆண்டுக்குப் பிரித்து, ஒவ்வோர் ஆண்டும் மூன்றில் ஒரு பங்கு. எடுத்த முள்ளை எரிக்காதீர்கள், நாற்று உள்ள இடத்தைச் சுற்றி வேலியாகப் போடுங்கள். ஆனால் காய் உள்ள கிளையாக இருக்கக் கூடாது. முளையானுக்குத் தீ ஆகவே ஆகாது, சதைத் தண்டு ஒரு சருகுத் தீக்கே வெந்துபோகும்.

ஆட்டுக்காரர்கள்மேல் பழி போடுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆடு தண்டை மேலாகக் கடிக்கும், அடி மண்ணுக்குள் இருந்து மறுபடி வரும். பிரச்சினை மழைக்குப் பின் வரும் இளந்தண்டு, பூ இரண்டும் கடிபட்டால் அந்த ஆண்டுக்கு விதை இல்லை என்பது. ஆவணி முதல் தை வரை அந்த ஒரு சரிவை மட்டும் விட்டுவிட்டு மேய்க்கச் சொல்லிப் பேசலாம். அவர்களே வெயிலில் தாகத்துக்கு இதை ஒடித்து மெல்பவர்கள், எந்த இடுக்கில் இருக்கிறது என்று அவர்களைவிட யாருக்கும் தெரியாது. வீட்டுத் துவையலுக்கு நாலு தண்டு ஒடிப்பதாலும் செடி போகாது. ஒடிக்கிறவர் மேல்தண்டைத்தான் ஒடிக்கிறார், நாளைக்கும் வேண்டும் என்பதால்.

சாக்கோடு வருபவர் வேரோடு பிடுங்குகிறார். எடைக்கு விற்கும் சரக்கு அது. தண்டில் பெரும்பகுதி தண்ணீர், காயவைத்தால் பத்தில் ஒரு பங்கு தேறினாலே அதிகம். ஆக ஒரு சாக்கு உலர்சரக்குக்கு ஒரு சரிவே காலியாகும். பெங்களூரில் நடந்து 2007இல் வெளியான ஓர் ஆய்வில் 50 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு நாளுக்கு 1 கிராம் சாறு, மறு பிரிவுக்கு மருந்தில்லாத போலி மாத்திரை என்று 60 நாள் கொடுத்துப் பார்த்தார்கள். இடுப்புச் சுற்றளவும் பசியும் குறைந்ததாகச் சொன்ன அந்த ஆய்விலேயே உடல் எடையில் போலி மாத்திரையோடு ஒப்பிட்டால் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை. மாத்திரைப் புட்டியில் அந்த இரண்டாம் பாதி இருக்காது.

---

ஐந்திதழ்:

மேய்ச்சல்தரிசு சொன்னதை ஒட்டிச் சட்டத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். முன்பு எழுதியதில் இது விடுபட்டது.

செடிக்குத் தனிப் பாதுகாப்பு இல்லையென்றாலும் இடத்துக்கும் எடுப்புக்கும் உண்டு. முதலில் கரட்டின் வகைப்பாடு என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள ‘அ’ பதிவேட்டில் (ஊர் நிலங்களின் வகைப்பாட்டுப் பதிவேடு) பாருங்கள். காப்புக்காடு என்றால் பிடுங்குவது 1882 தமிழ்நாடு வனச் சட்டப்படியே குற்றம், வனச்சரகரிடம் எழுதிக் கொடுங்கள். புறம்போக்கு என்றால் 2002 பல்லுயிர்ச் சட்டம்தான் கைகொடுக்கும். அதன் 7ஆம் பிரிவு வணிகத்துக்கு எடுப்பவர் மாநிலப் பல்லுயிர் வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. உள்ளூர் மக்களுக்கும் வைத்தியர்களுக்கும் அதில் விலக்கு உண்டு, ஆகவே துவையலுக்கு ஒடிப்பவரை இது தொடாது. 41ஆம் பிரிவின்படி உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு, தன் எல்லைக்குள் வணிகத்துக்குச் சேகரிப்பவரிடம் கட்டணம் வசூலிக்கலாம். பல ஊர்களில் குழு தாளில் மட்டும் இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் யார் யார் உறுப்பினர் என்று கேட்டு வாங்குங்கள்.

அந்தக் குழு எழுதும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் கல்லுமுளையான் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உங்கள் ஐப்பசிக் கணக்கைப் படத்தோடும் சர்வே எண்ணோடும் சேர்க்கச் சொல்லுங்கள். பதிவேட்டில் சர்வே எண் இல்லாமல் ‘ஊரில் காணப்படுகிறது’ என்று மட்டும் எழுதியிருந்தால் குவாரிக் கோப்பில் அதற்கு ஒரு மதிப்பும் இருக்காது.

மதுரை மேலூர் பக்கம் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் பாறைக் குன்றுகளை இதே சட்டத்தின் 37ஆம் பிரிவின்கீழ் 2022 நவம்பரில் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள், ஏறத்தாழ 193 ஹெக்டேர். தமிழ்நாட்டில் அதுவே முதலாவது. பின்னர் அந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் எதிர்த்து நின்றது, 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. எல்லாக் கரட்டுக்கும் அந்த அறிவிப்பு கிடைக்காது. ஆனால் அங்கே குன்று, சுனை, பறவை, செடி எல்லாம் ஏற்கெனவே எழுத்தில் இருந்தன.

கிராமசபை ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஐப்பசிக் கடைசி வாரக் கணக்கு நவம்பர் 1க்குள் முடியாது. ஆகவே இந்த நவம்பரில் ‘வடக்கு முனையில் கணக்கெடுப்பு முடியும்வரை குவாரிக்கு ஒப்புதல் இல்லை’ என்று ஒரு வரித் தீர்மானம், ஜனவரி 26இல் எண்ணிக்கையோடு முழுத் தீர்மானம். இரண்டின் நகலையும் ஊராட்சி முத்திரையோடு அன்றைக்கே வாங்கிவிடுங்கள், பின்னால் கேட்டால் தீர்மானப் புத்தகம் கிடைக்காது. நகலைக் கனிமவளத் துறையின் மாவட்ட அலுவலகத்துக்கும் மாவட்ட ஆட்சியருக்கும் ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

அதுவரை அந்த நாற்பது தூறையும் பெயர்க்க வேண்டாம். பெயர்த்துவிட்டால் வடக்கு முனையில் செடியே இல்லை என்று எழுதிவிடுவார்கள். தூறுக்கு இரண்டு துண்டு மட்டும் எடுத்து, விதைநூல் சொன்ன கலவையில் எண் போட்டு வைத்திருங்கள்.